தூசியோட மல்லுக்கட்டினவர்

தில்லை நகர் சாஸ்திரி ரோட்டுல பஸ் கக்குற டீசல் கரியை நீங்களும் விழுங்கியிருப்பீங்க. 2.5 மைக்ரானுக்கும் சின்ன துகள் நுரையீரலின் அடிவரை போகும்.

தூசியோட மல்லுக்கட்டின ஒருத்தர் நம்ம திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தார்: சி.வி. ராமன். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. 1917-ல் அதை உதறிட்டு, குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். (பிளேஸ்மென்ட் சீசன்ல படிக்கிறவங்க மன்னிக்கவும்!)

திரவத்தில் ஒளி சிதறுவதை ஆராயும்போது துளி தூசி இருந்தாலும் போச்சு, அது சிதறடிக்கிற வெளிச்சமே எல்லாத்தையும் மூடிடும். அதனால அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வடிச்சாங்க. 1928 பிப்ரவரியில் நிறம் மாறின ஒளி தெரிஞ்சது. 1930-ல் நோபல்.

பொருளுக்குப் பொருள் அந்த மாற்றம் வேறு. இன்னிக்கு ஃபில்டர்ல பிடிச்ச தூசி மேல லேசர் அடிச்சு, கரி எது, மண் எதுன்னு பிரிக்க உதவுறதும் ராமன் விளைவுதான்.