சிவப்புச் சட்டைக்காரர்களின் பயிற்சிக் கூடம்: கான் அப்துல் கஃப்பார் கான்

எல்லை காந்தி என்ற பட்டத்தோடுதான் கான் அப்துல் கஃப்பார் கானை நம்மில் பலருக்குத் தெரியும். அந்தப் பட்டம் அவரைப் பாதிதான் காட்டுகிறது என்பது நம் எண்ணம். காந்தியிடம் அவருக்கிருந்த அன்பும் மதிப்பும் உண்மையே. ஆனால், மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் காட்டிய பொறுமையில்தான் தன் வழியின் வேர் இருப்பதாக அவரே சொல்லி வந்தார்.

1890இல் பெஷாவர் பக்கம் உத்மான்ஸாய் கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆங்கிலேய ராணுவத்தில் அதிகாரிப் பதவி தேடி வந்தது. ஓர் இந்திய அதிகாரியை வெள்ளையர் அவமதித்ததைக் கண்டவர், அந்தப் பதவி வேண்டாம் என்றுவிட்டார். ஊர் ஊராக நடந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார். 1926இல் மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போனார். ஹஜ்ஜை முடித்து பைத்துல் முகத்தஸ் சென்றபோது, அங்கே தவறி விழுந்து மனைவி வஃபாத்தானார். அதன்பின் அவர் மறுமணம் செய்யவில்லை.

பட்டான்களிடையே பழிக்குப் பழி குலவழக்கம். பாட்டன் காலத்துக் கொலைக்குப் பேரன் கணக்குத் தீர்ப்பான். துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம். இவர்களை வைத்துத்தான் 1929 நவம்பரில் குதாயி கித்மத்கார், அதாவது இறைப் பணியாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். சேருபவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அல்லாஹ்வுக்கு யாருடைய சேவையும் தேவையில்லை. அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் சேவை. வன்முறையும் பழிவாங்கலும் கூடாது. கொடுமை செய்தவரை மன்னிக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரமாவது பொதுப்பணி செய்ய வேண்டும்.

வெறும் வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. முகாம்கள் நடத்தினார். ராணுவம் போலவே அணிவகுப்பு, பதவி வரிசை, முரசு எல்லாம் உண்டு. ஆயுதம் மட்டும் கிடையாது. தெருப் பெருக்குவது, நூல் நூற்பது, கோதுமை அரைப்பது எல்லாம் பயிற்சிதான். கான் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துடைப்பம் பிடித்தார்கள். வெள்ளை உடை சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறச் சாயம் தோய்த்தார்கள்; சிவப்புச் சட்டை என்ற பெயர் அப்படி வந்தது.

1930 ஏப்ரல் 23, பெஷாவர் கிஸ்ஸா கவானி பஜார். தலைவர்கள் கைதானதைக் கண்டித்துக் கூடிய மக்கள் மீது கவச வண்டிகள் ஏறின, துப்பாக்கிகள் வெடித்தன. விழுந்தவர்களின் இடத்துக்கு அடுத்தவர்கள் வந்து நின்றார்கள். இறந்தவர் எண்ணிக்கையை அரசு குறைத்துச் சொன்னது. மக்களின் கணக்கோ சில நூறு. நிராயுதபாணிகளைச் சுட முடியாது என்று கட்வால் படைப்பிரிவின் வீரர்கள் மறுத்து, ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். அவர்கள் இந்துக்கள். எதிரில் நின்றவர்களோ பெரும்பாலும் முஸ்லிம்கள். இதைப் பாடப்புத்தகங்கள் ஏன் இரண்டு வரியில் முடிக்கின்றனவோ!

பிரிவினையை அவர் எதிர்த்தார். நடந்தபின் பாகிஸ்தானின் குடிமகனாகவே வாழ்ந்தார். ஆனாலும் வெள்ளையர் சிறையை அடுத்து சொந்த நாட்டின் சிறையும் அவருக்குக் காத்திருந்தது. 1948 ஆகஸ்டில் சார்சத்தாவின் பாப்ராவில் அவருடைய தொண்டர்கள் மீண்டும் சுடப்பட்டார்கள், இம்முறை முஸ்லிம் ஆட்சியில். அப்போதும் அவர் பழிவாங்கச் சொல்லவில்லை.

1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் வஃபாத்தானார். அவர் விருப்பப்படி ஜனாஸா கைபர் கணவாய் வழியாக ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்துக்குச் சென்றது. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அவரை அடக்கம் செய்வதற்காகச் சண்டையை நிறுத்தி வைத்தார்கள்.