அழ முடியாத காலத்தில் ஓர் இசைமண்டபம்

1937ஆம் ஆண்டு நவம்பர் 21. லெனின்கிராட் நகரின் பிலார்மோனிக் மண்டபத்தில் புதிய சிம்பொனி ஒன்று முதன்முறையாக வாசிக்கப்பட்டது. அதில் பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. மூன்றாவது பகுதி போய்க்கொண்டிருந்தபோது சபையில் பலர் அழுதார்கள்.

ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. இரவில் வீடு தேடி வந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. சிறை வாசல்களில் பெண்கள் வரிசையில் நின்று மகனையும் கணவனையும் பற்றி விசாரித்தார்கள். கொண்டுபோகப்பட்டவருக்காக நாலுபேர் பார்க்க அழுவதே சந்தேகத்துக்கு இடமளிக்கும். அந்த மண்டபத்துக்குள் மட்டும் யாரும் காரணம் கேட்க முடியாது. இசை கேட்டேன், அழுகை வந்தது, அவ்வளவுதான்.

கோயில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த எங்களில் பலருக்கு மேலைத்தேய சாஸ்திரிய இசைக் கச்சேரி தூரத்து விடயம். முதன்முதலாக அப்படியொரு மண்டபத்துக்குள் நுழைபவருக்கு எந்த இடத்தில் கைதட்டுவது என்பதே குழப்பமாக இருக்கும். எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பெயர், அந்தச் சிம்பொனியை எழுதிய திமித்ரி ஷொஸ்டகோவிச். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்த இசைக்குள் போக வேறு பயிற்சி தேவைப்படாது.

1906 செப்டெம்பர் 25இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பிறந்தவர் அவர். தாயிடம் பியானோ பழகி, 13 வயதில் நகரின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1922இல் தகப்பன் இறந்ததும் வீட்டில் வறுமை. ஊமைப் படங்கள் ஓடும் தியேட்டர்களில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 19 வயதில் எழுதிய முதலாவது சிம்பொனி அவரை வெளிநாடுகளிலும் அறிய வைத்தது.

1936 ஜனவரியில் அவருடைய ஒபரா ஒன்றைப் பார்க்க ஸ்டாலின் வந்தார். இடையிலேயே எழுந்து போனார். இரண்டு நாட்களில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில், பெயர் போடாத கட்டுரை ஒன்று அந்த ஒபராவைக் கிழித்துப் போட்டது. அன்றுவரை புகழ்ந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். அடுத்த காலத்தில் அக்காவின் கணவர் கைதானார். அக்கா நாடுகடத்தப்பட்டார். மாமியாரும் பிடிபட்டார். ஷொஸ்டகோவிச்சுக்கு ஆதரவாக இருந்த இராணுவத் தளபதி துகாச்செவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒத்திகையில் இருந்த நான்காவது சிம்பொனியை ஷொஸ்டகோவிச் மீளப்பெற்றுக்கொண்டார். அதை மேடையில் கேட்க அவர் 25 ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்தப் பயத்துக்குள் இருந்து எழுதப்பட்டதுதான் ஐந்தாவது சிம்பொனி. 34 வயதான யெவ்கெனி மிராவின்ஸ்கி அதை நடத்தினார். நான்கு பகுதிகள், ஏறத்தாழ முக்கால் மணிநேரம். மூன்றாவது பகுதியில் ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகள் எதுவுமே வாசிப்பதில்லை. வயலின் குடும்பக் கருவிகள் பல குரல்களாகப் பிரிந்து மெதுவாகச் செல்கின்றன. இடையிடையே புல்லாங்குழலோ ஓபோவோ தனியாக, ஆளில்லாத வீட்டில் ஒருவர் பேசுவதுபோல ஒலிக்கிறது. கடைசிப் பகுதி பேரிகை முழங்க வெற்றி ஊர்வலம்போல முடிகிறது. அதிகாரிகள் முடிவைக் கேட்டுத் திருப்திப்பட்டார்கள். சனங்கள் மூன்றாவது பகுதியைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். கைதட்டல் அரை மணிநேரத்துக்கும் மேல் ஓயவில்லை என்று அங்கிருந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள்.

நான்கு ஆண்டுகளில் போர் வந்தது. 1941 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் லெனின்கிராட்டை முற்றுகையிட்டன. அந்த முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் சிறுவருக்கும் வேலைக்குப் போகாதவருக்கும் நாளுக்கு 125 கிராம் பாண்தான். அது எவ்வளவு என்பதை முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல இலட்சம் பொதுமக்கள் பசியாலும் குளிராலும் செத்தார்கள்.

தீயணைப்புத் தொண்டராக இருந்தபடி ஷொஸ்டகோவிச் ஏழாவது சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளையும் அங்கேயே எழுதினார். ஒக்டோபரில் குடும்பத்தோடு விமானத்தில் வெளியேற்றப்பட்டு, குய்பிஷேவ் நகரில் டிசெம்பர் 27இல் அதை முடித்தார். பின்னர் அதன் இசைப்பிரதி முற்றுகைக்குள் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டது.

நகரில் மிஞ்சியிருந்தது வானொலி இசைக்குழு மட்டும். அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பேர்க் தானே எலும்பும் தோலுமாக இருந்தார். முதல் ஒத்திகைக்கு வர முடிந்தவர்கள் சுமார் 15 பேர். ட்ரம்பெட் ஊதுபவருக்கு ஊத மூச்சில்லை. மேலதிக உணவு கொடுத்தார்கள். போர்முனையில் இருந்த வாத்தியக்காரர்களை அழைத்து வந்தார்கள்.

1942 ஓகஸ்ட் 9 மாலை அந்தச் சிம்பொனி அரங்கேறியது. மண்டபத்தின் மீது ஷெல் விழாமல் இருக்க, முன்கூட்டியே சோவியத் பீரங்கிகள் எதிரியின் நிலைகளைத் தாக்கின. ஒன்றேகால் மணிநேர இசை ஒலிபெருக்கிகள் வழியாகத் தெருக்களுக்கும், எதிரியின் அரண்கள் வரைக்கும் போனது. டிக்கெட் எடுத்து மண்டபத்துக்குப் போகும் வழக்கமில்லாதவர்களும் அன்று அதைக் கேட்டார்கள்.

அரசு அந்த இசையைப் போர்ப் பிரசாரத்துக்கு நன்றாகவே பயன்படுத்தியது. ஆனால் 1948இல் மறுபடியும் அவரைக் கண்டித்தது. கற்பித்தல் வேலை பறிபோனது. படங்களுக்கு இசையமைத்துப் பிழைத்தார். எழுதிக் கொடுக்கப்பட்ட உரைகளை மேடைகளில் வாசித்தார். 1960இல் கட்சியிலும் சேர்ந்தார். அவரை நேசித்தவர்கள் சிலர் இதை மன்னிக்கவில்லை. அவரை வீரர் ஆக்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கவும் குடும்பத்தைக் காப்பாற்றவும் குனிந்த ஒரு மனிதர் அவர். வாயால் சொன்னதையும் தாளில் எழுதிய இசையையும் அவர் வேறு வேறாக வைத்திருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

அதே 1960 ஜூலையில், குண்டுவீச்சில் அழிந்த ட்ரெஸ்டன் நகருக்கு அருகில் தங்கியிருந்தபோது, மூன்றே நாட்களில் எட்டாவது நால்வர் இசையை எழுதினார். பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு அதைச் சமர்ப்பித்தார். அதில் திரும்பத் திரும்ப வரும் நான்கு சுரங்கள் அவருடைய பெயரின் எழுத்துகளால் ஆனவை. 1962இல் வந்த 13ஆவது சிம்பொனி, கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் கொன்ற யூதர்களைப் பெயர்சொல்லி நினைத்தது. அங்கு கொல்லப்பட்டவர்கள் யூதர்கள் என்று சொல்வதையே சோவியத் அரசு விரும்பவில்லை. நெருக்குதலால் அரங்கேற்ற நாளிலேயே பாடகர் ஒருவர் விலகினார். இன்னொருவர் பாடினார்.

ஷொஸ்டகோவிச் 1975இல் மொஸ்கோவில் இறந்தார். அன்று ஓகஸ்ட் 9. லெனின்கிராட்டில் அந்தக் கச்சேரி நடந்து சரியாக 33 ஆண்டுகள்.

முதன்முறை கேட்கப்போகிறவர் ஐந்தாவது சிம்பொனியிலிருந்து தொடங்கலாம். மண்டபத்தில் என்றால் நான்கு பகுதிகளும் முடிந்த பிறகுதான் கைதட்டுவார்கள். இடையில் வரும் அமைதியில் யாராவது இருமுவது கேட்கும், அவ்வளவுதான். மண்டபத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் யூடியூப்பில் அதன் மூன்றாவது பகுதியைத் தேடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கால் மணிநேரம் இருந்து கேளுங்கள். இராகமோ தாளமோ பிடிபடாவிட்டால் பரவாயில்லை. 1937இல் அங்கு அழுதவர்களும் அதைத் தேடிப் போகவில்லை.