கொடுக்கச் சென்றான் ஒருவன் – கொண்டு வந்தான் தோழன்!

கல்கத்தாவிலும் லூதியானாவிலும் ஏழை எளியவர்கள் நாடிச் செல்லும் மருத்துவ நிலையங்கள் சிலவற்றுக்கு ஒரு மராட்டிய இளைஞனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. டாக்டர் கோட்னிஸ்! உள்ளே என்ன நடக்கிறது? ஊசி குத்துகிறார்கள். நம்மூர் ஆஸ்பத்திரியிலே மருந்து ஏற்றுவதற்குப் போடுகிறார்களே, அந்த ஊசியன்று. இதிலே துளையும் இல்லை, மருந்தும் இல்லை. தலைமயிர் போல் மெலிந்த எஃகுக் கம்பி. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று என்று நிறுத்தி, நோயாளியைச் சிறிது நேரம் படுக்க வைத்து, பிறகு எடுத்து விடுகிறார்கள். சீன நாட்டு வைத்தியம். அக்குபங்சர் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், கோட்னிசின் புகழ் இந்த ஊசியால் வந்ததன்று. அவர் அறுவை மருத்துவர். அவர் பிடித்தது கத்தி. பிறகு எப்படி அந்தப் பெயர் இந்த ஊசியோடு ஒட்டிக்கொண்டது? தோழர்களே, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சோலாப்பூரிலே பிறந்தார். பஞ்சாலைச் சங்கு ஊதினால் எழுந்து, பஞ்சாலைச் சங்கு ஊதினால் உறங்கும் ஊர் அது. தந்தைக்கு ஆலையிலே எழுத்தர் வேலை. பிள்ளைகளோ பலர். கோமான் வீட்டுப் பிள்ளையல்ல நம் கோட்னிஸ். குடும்பமே கண்ணில் நம்பிக்கையைத் தேக்கி வைத்துப் படிக்க வைத்த பிள்ளை. பம்பாய்க்குச் சென்று சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். இன்னும் சில ஆண்டு பொறுத்திருந்தால் பம்பாயிலே பெரிய டாக்டர், வாசலிலே கார், வங்கியிலே பணம்! அந்தப் பாதை அப்படியே திறந்து கிடந்தது.

1937 ஜூலையிலே ஜப்பான் சீனத்தின் மீது பாய்ந்தது. ஊர் ஊராகக் குண்டு விழுந்தது. காயம்பட்டவன் கத்தினால் ஓடி வர டாக்டர் இல்லை. சீனப் படைத்தலைவர் சூ டே, ஜவகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். மருத்துவர்களை அனுப்பி உதவக் கேட்டார். 1938-ல் காங்கிரசுத் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி கேட்டார். இருபத்திரண்டாயிரம் ரூபாய் சேர்ந்தது. இங்கே தமிழகத்திலே இந்தித் திணிப்பை எதிர்த்து இளைஞர்கள் சிறைக்கோட்டம் புகுந்துகொண்டிருந்த அதே ஆண்டு! அங்கே ஐந்து மருத்துவர்கள் மூட்டை கட்டினார்கள். ஸ்பெயின் நாட்டுப் போர்க்களத்திலே ஏற்கெனவே பணியாற்றி வந்த அடல் தலைவர். நாகபுரியைச் சேர்ந்த முதியவர் சோல்கர். கல்கத்தாவிலிருந்து முகர்ஜி, பிஜாய் குமார் பாசு. ஐந்தாவது ஆள், இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாத கோட்னிஸ். பாசுவின் பெயரை மனத்திலே குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1938 செப்டம்பர் முதல் நாள் பம்பாயிலே கப்பலேறினார்கள். காண்டன் துறைமுகம், ஹாங்கோ, பிறகு சுங்கிங். பின்வாங்கும் படையோடும் அகதிகளோடும் நகர்ந்த பயணம். சுங்கிங்கிலே இருக்கும்போதுதான் இடி விழுந்தது போல் செய்தி வந்தது – சோலாப்பூரிலே தந்தை இறந்துவிட்டார்! பெரிய குடும்பம், டாக்டருக்குப் படித்த மகன் கடல் கடந்து கிடக்கிறான். திரும்பியிருந்தால் எவரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். கோட்னிஸ் திரும்பவில்லை.

1939 பிப்ரவரியிலே யேனான் சேர்ந்தார்கள். மலையைக் குடைந்த குகைகளிலே பள்ளிக்கூடம், குகைகளிலே ஆஸ்பத்திரி. சோல்கரும் முகர்ஜியும் அந்த ஆண்டே நாடு திரும்பினார்கள். பின்னர் அடலும் உடல்நலம் குன்றித் திரும்பினார். மிஞ்சியவர்கள் பாசுவும் கோட்னிசும். 1940-ல் இருவரும் வடக்கே, ஜப்பானியப் படையின் முதுகுப்புறத்திலே இருந்த எல்லைப்புற வட்டாரத்துக்குள் நுழைந்தார்கள். கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் சிப்பாய்க்கு அறுவை செய்யும்போது தன் விரலைக் கீறிக்கொண்டு, நஞ்சேறி, 1939 நவம்பரிலே உயிர்விட்டது அங்கேதான். அவர் கல்லறையைக் கண்டார்கள். பாசு யேனானுக்குத் திரும்பினார். கோட்னிஸ் அங்கேயே தங்கினார். பெத்யூன் பெயரால் அமைந்த சர்வதேச சமாதான மருத்துவமனைக்கு 1941 ஜனவரியிலே தலைவரானார்.

மருத்துவமனை என்றதும் மாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். குடியானவன் வீட்டுக் கூடம், கழற்றிப் போட்ட கதவு, அதுதான் அறுவை மேசை! பகைவன் வருகிறான் என்றால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். 1940-ல் நடந்த பெரும்போரிலே பதின்மூன்று நாட்களில் 800-க்கு மேற்பட்ட காயம்பட்டவர்கள் வந்தார்கள். 558 பேருக்கு அறுவை நடந்தது. கணக்கைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு நாற்பதுக்கும் மேல்! உறக்கம் ஏது, உணவு ஏது? இதற்கிடையே சீன மொழியைக் கற்றார். கற்றதோடு நில்லாமல் அந்த மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அறுவை மருத்துவத்துக்குப் பாடநூலும் எழுதினார். அங்கிருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் கே திஹுவா. ஹுவா என்றால் சீனம். மருத்துவப் பள்ளியிலே செவிலியருக்குக் கற்பித்த குவோ சிங்லானை 1941-ல் மணந்தார். மறு ஆண்டு ஆகஸ்டிலே மகன் பிறந்தான். யின்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனம்.

நம் திருத்துறைப்பூண்டித் தோழர்களுக்கு இது புரியாத செய்தியல்ல. கன்னட மண்ணிலே பிறந்து, தமிழ் கற்று, சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிய பண்ணையாட்களோடு வாழ்ந்து, 1961-ல் மறைந்த பி. சீனிவாசராவின் நினைவிடம் நம் ஊரிலேதானே இருக்கிறது! கட்சி வேறாயிருக்கலாம், அவரை அயலார் என்று இங்கே எவர் சொல்வார்?

கோட்னிசை வலிப்பு நோய் பிடித்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. 1942 டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலை உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு. மகனுக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. 1946-ல் சாந்தாராம் தாமே கோட்னிசாக நடித்துப் படமெடுத்தார், நாடெங்கும் பார்த்தார்கள். படம் அவர் மரணத்தோடு முடிந்துவிட்டது. கதை முடியவில்லை.

ஊசிக்கு வருவோம். முற்றுகைக்குள்ளே சிக்கிய வட்டாரத்திலே வெளிநாட்டு மருந்துக்கு எங்கே போவது? சிறு கூடங்கள் அமைத்து, மலையிலே கிடைத்த மூலிகைகளை இடித்தும் வடித்தும் மருந்து செய்தார்கள். ஊரிலே இருந்த பழைய வைத்தியர்களையும் புதிய டாக்டர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். இது எளிதாக நடக்கவில்லை. சீனத்திலேயே இந்த ஊசிமுறைக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. 1822-ல் சக்கரவர்த்தி தன் அரண்மனை மருத்துவக் கழகத்திலே ஊசி கூடாது என்று தடை போட்டார். 1929-ல் குடியரசு ஆட்சி பழைய வைத்தியத்தையே ஒழிக்கத் திட்டம் போட்டது. வைத்தியர்கள் கிளர்ந்தெழுந்து அதைத் தடுத்தார்கள். மேலிடம் கைவிட்ட முறையைத் தாங்கி நின்றது குடிசைதான். காசுள்ளவன் வேறு மருந்து வாங்கினான். காசில்லாதவனுக்கு ஊசியும் மூலிகைச் சூடும்! காய்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தி, உடம்பருகே காட்டிச் சூடேற்றுவார்கள். நம் பக்கத்து மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடி அது. மாட்டுக்கும் மனிதனுக்கும் சூடு போட்ட நம் பாட்டன்மார் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள்.

1945-ல் யேனானின் சர்வதேச சமாதான மருத்துவமனையிலே ஊசிமுறைக்கென்று தனிப்பிரிவு திறந்தார்கள். அங்கே கற்றவர்களுள் சூ லியன் என்ற பெண் மருத்துவர் ஒருவர். மேல்நாட்டு மருத்துவம் படித்தவர். 1951-ல் புதிய ஊசிமுறை பற்றி நூல் எழுதினார். உடம்பிலே ஓடும் காற்று, நாள் பார்ப்பது, கோள் பார்ப்பது என்ற பழைய பேச்சுகளை ஒதுக்கி, நரம்பு மண்டலத்தைக் கொண்டு ஊசியை விளக்க முயன்றார். புரட்சி என்றால் இதுவும் புரட்சிதான்!

பாசு 1943-லேயே நாடு திரும்பிவிட்டார். ஆனால் சீனம் அவரை விடவில்லை. விடுதலைக்குப் பிறகு மீண்டும் அங்கே சென்றபோது ஊசிமுறையை முறைப்படி கற்றார். 1959-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். கல்கத்தாவிலே சிகிச்சை தொடங்கினார். மூன்றே ஆண்டில், 1962-ல், எல்லைப் போர்! சீனம் என்ற சொல்லே குற்றமாயிருந்த காலம். சீன வைத்தியம் செய்கிறவர் பாடு என்னவாயிருக்கும், எண்ணிப் பாருங்கள். 1970-களிலே கோட்னிஸ் நினைவுக் குழு மீண்டும் உயிர் பெற்றது; அதன் பணியிலே முதன்மையானது இந்த ஊசி மருத்துவம். 1975-ல் லூதியானாவிலே கோட்னிஸ் பெயரால் மருத்துவமனை தோன்றியது. பாசு 1986-ல் மறைந்தார். தன் பெயரை அல்ல, முப்பத்திரண்டு வயதில் மாண்ட தோழனின் பெயரையே அந்த ஊசியோடு சேர்த்துவிட்டுப் போனார். மேற்கு வங்கம் 1996-ல் அக்குபங்சருக்குச் சட்டம் செய்தது. இந்திய அரசு 2003-ல் அதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது.

சரி, ஊசி வேலை செய்கிறதா? பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டு இடுப்பொடிந்த நம் தாய்மார்களுக்கு இது உதவுமா?

ஜெர்மனியிலே செய்த ஆராய்ச்சி ஒன்று 2007-ல் வெளிவந்தது. நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பிரிவுக்குச் சீன நூல்கள் சொல்லும் இடங்களிலே ஊசி. இரண்டாம் பிரிவுக்கு அந்த இடங்களை விட்டு விலகி, மேலோட்டமாகப் பெயருக்கு ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6 பேர் நலம் கண்டார்கள். இரண்டாம் பிரிவில் 44.2. மூன்றாம் பிரிவில் 27.4. ஊசி குத்திய இரு பிரிவும் வழக்கமான வைத்தியத்தை வென்றன. ஆனால் சரியான இடத்து ஊசிக்கும் பெயருக்குக் குத்திய ஊசிக்கும் பெரிய வேறுபாடில்லை! ஆக, வலிக்கு ஊசி துணை செய்யலாம். இந்தப் புள்ளி ஈரல், அந்தப் புள்ளி இருதயம் என்ற வரைபடம் மெய்ப்பிக்கப்படவில்லை. அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளி உதவுவதாகவும் ஆராய்ச்சிகள் உண்டு. அவ்வளவுக்கு அவ்வளவு ஏற்போம்.

மூலிகைக்கும் இதே அளவுகோல்தான். குளிர்காய்ச்சலுக்குச் சீனத்துப் பழைய ஏடு சொன்ன ஒரு செடியை, அதுவும் மாசிப்பத்திரி இனம்தான், தூ யூயூ என்ற பெண் ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டார். கொதிக்க வைத்தால் குணம் கெடுகிறது என்று கண்டு, சூடு குறைத்துச் சாறு எடுத்து, விலங்குக்குக் கொடுத்துப் பார்த்து, தாமே குடித்துப் பார்த்து, மலேரியா மருந்தாக்கினார். 2015-ல் நோபல் பரிசு! இன்னொரு புறம், 1990-களின் தொடக்கத்திலே பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் நூற்றுவருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. மருந்திலே கலந்துவிட்ட அந்த மூலிகை நம் ஆடுதின்னாப்பாளைக்கு உறவு. இரண்டிலும் அதே நஞ்சு இருக்கிறது. இலை, தழை என்றால் கேடில்லை என்று சொல்கிறவனிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். விரலை வைத்தால் போதும், நீரிழிவுக்கு மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு போதும் என்கிறார்கள். கதவைக் கழற்றி மேசையாக்கி அறுவை செய்த கோட்னிசுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? ஆஸ்பத்திரி இல்லாத மலையிலே ஆஸ்பத்திரி உண்டாக்கச் சென்றவர் அவர். பக்கத்திலே அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது கர்ப்பிணியை அங்கே போகாதே என்று தடுக்கிறவர்கள் இவர்கள்! நடவுப் பெண்ணின் இடுப்புக்கு ஊசி குத்தட்டும், மறுக்கவில்லை. அவள் மகளின் பேறுகாலத்திலே குறுக்கே நிற்க வேண்டாம்.

கோட்னிசின் கல்லறை இன்று ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் நினைவிடத்திலே இருக்கிறது. யின்ஹுவா தந்தையைப் போலவே மருத்துவம் படிக்கப் போனான்; படிப்பு முடியுமுன்னே 1967-ல், இருபத்து நான்கு வயதில் இறந்தான். குவோ சிங்லான் கணவன் பிறந்த நாட்டுக்குப் பலமுறை வந்து, அவர் உறவினரோடு தங்கிப் போனார். 2012-ல் மறைந்தார்.