சுவர் மூச்சு விடுமா?



ஆண்டு மலர் என்றாலே எடிசன், ஜேம்ஸ் வாட், விஸ்வேஸ்வரய்யா என்று வாழ்க்கை வரலாறுகள் வரிசை கட்டி நிற்கும். அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் காற்று போதுமா, போதாதா என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்ன ஒருவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் மாக்ஸ் பெட்டன்கோஃபர்.

1818 டிசம்பர் 3-ம் தேதி பவேரியாவில் லிக்டன்ஹைம் என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வசதி கிடையாது. மியூனிக்கில் அரண்மனை மருந்தகத்தைக் கவனித்துவந்த தந்தையின் சகோதரர் அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். நடுவில் கோபித்துக்கொண்டு ஓடிப்போய் நாடகத்தில் நடித்தார் நம்ம ஆள்! நல்லவேளை, திரும்பி வந்துவிட்டார். 1843-ல் மருத்துவப் பட்டம். பிறகு லீபிக் என்ற பெரிய வேதியியல் அறிஞரிடம் பயிற்சி. அதற்கப்புறமும் சரியான வேலை அமையவில்லை. கொஞ்ச நாள் நாணயச் சாலையில் வேலை பார்த்தார். 1847-ல்தான் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1865-ல் அங்கேயே சுகாதாரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

அறைக்காற்று பற்றிய அவருடைய புத்தகம் 1858-ல் வந்தது. அடைத்த அறையில் பலர் இருந்தால் தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மூக்கை நம்ப முடியாது. உள்ளேயே இருப்பவனுக்கு வாடை தெரியாது. பெட்டன்கோஃபர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டார். அந்த அளவில் அது விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனிதன் வெளியேற்றும் மற்ற அசுத்தங்களும் அதோடு சேர்ந்தே கூடுகின்றன. ஆகவே அது ஒரு அளவுகோல் என்றார். ஒரு பாட்டிலில் அறைக்காற்றைப் பிடித்து, பேரியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஊற்றிக் குலுக்கி, மிச்சத்தை ஆக்சாலிக் அமிலத்தால் டைட்ரேட் செய்தார். முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் நாம் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அதே வேலைதான்! ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைத்தார். இன்றைய கணக்கில் 1000 பி.பி.எம். காற்றோட்டம் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் சொந்தப் படிப்பறையையே சோதனைக்கூடம் ஆக்கினார். அதன் கொள்ளளவு 75 கன மீட்டர். உள்ளே கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்து, மணிக்கு எவ்வளவு காற்று மாறுகிறது என்று கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் 19 டிகிரி வித்தியாசம் இருந்தபோது மணிக்கு 75 கன மீட்டர். கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்த பிறகும் 54. வெப்ப வித்தியாசம் 4 டிகிரியாகக் குறைந்தபோது வெறும் 22. அப்போது ஜன்னலைத் திறந்தும் 42-ஐத் தாண்டவில்லை!

எல்லா இடுக்கையும் அடைத்தும் 54 எப்படி வந்தது? சுவர் வழியாகத்தான் என்று முடிவு கட்டினார். செங்கல்லின் பக்கங்களை மெழுகால் மூடி, ஒரு முனையிலிருந்து ஊதி, மறுமுனையில் எரிந்த மெழுகுவத்தியை அணைத்தும் காட்டினார். சுவர் மூச்சு விடுகிறது என்ற நம்பிக்கை பரவியது. அது தவறு என்று இருபதாம் நூற்றாண்டுச் சோதனைகள் காட்டின. வாயால் ஊதும் அழுத்தம் வேறு, சுவரின் மேல் காற்று தரும் அழுத்தம் வேறு. பூசிய சுவரில் நுழைவது மிக அற்பம். அவர் அறைக்குக் காற்று வந்தது அடைபடாத வேறு வழிகளில்தான்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? இன்பிளாண்ட் டிரெய்னிங் போன இடத்தில் பெரிய தகர ஷெட்டுக்குள் சூப்பர்வைசருக்கு ஒரு கேபின் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் தெர்மோகோல், கதவில் ரப்பர் பீடிங், திறக்காத கண்ணாடி, ஸ்பிளிட் ஏசி. ஜில்லென்று இருக்கும். ஆனால் மதியம் மூன்று பேர் உட்கார்ந்து வரைபடம் பார்த்தால் கொட்டாவியும் தலைவலியும்தான். ஏசி சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஏசியில் ஒரு குறையும் இல்லை!

பெட்டன்கோஃபர் வழியில் கணக்குப் போட்டேன். 3 மீட்டர், 3 மீட்டர், உயரம் 2.4: மொத்தம் 21.6 கன மீட்டர். வெளிக்காற்றில் இப்போது 420 பி.பி.எம். உட்கார்ந்து வேலை செய்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். முழுக்க அடைத்த அறை என்றால், ஒருவர் இருந்தால் 42 நிமிடத்தில் 1000 வந்துவிடும். மூன்று பேர் என்றால் 14 நிமிடம்! ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். எல்லைக்குள் நிறுத்த ஆளுக்கு மணிக்கு 31 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். மூன்று பேருக்கு 93. ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். ஆனால் எதிர்ச்சுவரில் காற்று நுழைய வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். அந்த வழியும் ஷெட்டுக்குள் திறக்கக்கூடாது, வெல்டிங் புகைதான் வரும். குழாய் போட்டு வெளியிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ஓட்டை போட்டுவிட்டால் காற்று தானாக வரும் என்று நம்பவும் முடியாது. குளிர்காட்டில் 19 டிகிரி இழுத்த இழுப்பு நம் ஊரில் ஏது? 4 டிகிரிக்கு 22 என்ற அவருடைய எண்தான் நமக்குப் பாடம்.

காலரா விஷயத்திலும் அவர் இப்படித்தான். கிருமி மட்டும் போதாது, மண்ணும் சேர வேண்டும் என்று நம்பி, 1892-ல் காலராக் கிருமி வளர்த்த திரவத்தையே குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் கொள்கை நிற்கவில்லை. ஆனால் சாக்கடையும் சுத்தமான குடிநீரும் வேண்டும் என்று அவர் போராடியதால் மியூனிக் நகரம் ஆரோக்கியம் பெற்றது. முதுமையில் மனச்சோர்வு வாட்ட, 1901 பிப்ரவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 82 வயது.

அவருடைய விளக்கங்கள் சில போய்விட்டன. எழுதி வைத்த எண்கள் நின்றன. சுவர் பற்றி அவர் சொன்னது தவறு என்று கண்டவர்கள்கூட அவர் தொடங்கிவைத்த அளவீட்டைத்தான் பின்பற்றினார்கள். அவர் பாட்டிலும் பியூரெட்டுமாக அலைந்தார்; நமக்குச் சட்டைப் பைக்குள் அடங்கும் சென்சார் கிடைக்கிறது. நாளைக்கு நாமும் கேபின் கட்டுவோம், ஏசி மாட்டுவோம். குளிர் எத்தனை டன் என்று கேட்பது போலவே, உள்ளே எத்தனை பேர், அவர்களுக்குக் காற்று எந்த வழியாக வரும் என்றும் கேட்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்