தாதாபாயும் தானிய விலையும்

விலைவாசி ஏறுவது தேசம் செழிப்பதற்கு அடையாளம் என்று வாதிப்போர் எக்காலத்திலும் உளர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தியாவை ஆண்ட உத்தியோகஸ்தர்களுக்கு இவ்வாதம் ஒரு வேதவாக்காகவே இருந்தது. அதைக் கணக்கைக் கொண்டே மறுத்தவர் தாதாபாய் நௌரோஜி. காங்கிரஸ் மகாசபைக்கு 1886, 1893, 1906 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தலைமை வகித்தவர் என்றும், 1892-இல் விரல்விட்டு எண்ணத்தக்க வோட்டு வித்தியாசத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றும் அவரை யாவரும் அறிவர். ஏழையின் சோற்றுக் கணக்கை எழுதியவர் என்ற முறையிலேயே நாம் இங்கு அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

1825-இல் ஏழைப் பார்ஸி புரோகிதர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறியாத தாயின் உறுதியாலும் இலவசக் கல்வியின் உதவியாலும் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணித ஆசிரியராக உயர்ந்தார். 1855-இல் காமா கம்பெனியின் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். 1859-இல் சொந்தமாகப் பஞ்சு வியாபாரம் தொடங்கினார். கணிதமும் பஞ்சும் பின்னர் அவர் செய்த தேச ஊழியத்திற்கு எவ்வளவு பயன்பட்டன என்பதை இனிக் காண்போம்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றதும் பம்பாய்ப் பஞ்சுக்குப் பொன் விலை கிடைத்தது. பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. பம்பாயிலும் பஞ்சு விளையும் ஜில்லாக்களிலும் தானிய விலை ஏறிற்று. ரயில் பாதை போடப்பட்ட இடங்களில் கூலியும் சற்று உயர்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட கம்பெனிகளின் பங்குகளை வாங்க ஜனங்கள் முண்டியடித்தனர். 1865-இல் யுத்தம் முடிந்தது; மாளிகை சரிந்தது. பம்பாய் பாங்கியே பின்னர் மூடப்பட நேர்ந்தது. தாதாபாயின் ஸ்தாபனமும் அந்தச் சுழலிலிருந்து தப்பவில்லை.

அதே சமயம் 1866-இல் ஒரிஸாவில் மழை பொய்த்ததன் பலன் முற்றியது. வியாபாரிகள் தாமாகவே தானியம் கொண்டுவருவார்கள் என்று சர்க்கார் காத்திருந்தது. விழித்துக்கொண்ட வேளையில் பருவக்காற்று கடல் வழியை அடைத்துவிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அங்கும் அரிசி விலை ஏறித்தான் இருந்தது! பம்பாயில் விலை ஏறியது பணம் பெருகியதால். ஒரிஸாவில் ஏறியது அரிசி அருகியதால். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவோருக்கு வித்தியாசம் தெரியாது. தாதாபாய்க்குத் தெரிந்தது.

1876-இல் இந்தியாவின் வறுமை குறித்து அவர் பம்பாயில் வாசித்த கட்டுரை இதன் விளைவேயாகும். எதிர்க்கட்சிக்காரரின் தஸ்தாவேஜைக் கொண்டே வழக்கை வெல்வது எத்தகைய வெற்றி என்பதை வக்கீல் தொழிலில் பழகியவர்கள் அறிவார்கள். தாதாபாய் சர்க்காரின் அறிக்கைகளையன்றி வேறு சாட்சியை அழைக்கவில்லை. அவற்றைத் திருத்தவேண்டிய இடங்களில் திருத்தினார். சிறு ஜில்லாவின் விலையையும் பெரு ஜில்லாவின் விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதையே மாகாணத்தின் சராசரி என்று எழுதியிருந்தார்கள். எங்கே எவ்வளவு விளைந்தது என்று பாராமல் எடுக்கும் சராசரி பொய்ச் சராசரி என்று அவர் காட்டினார்.

1867-68-ஆம் ஆண்டுக்கு அவர் கண்ட முடிவு, நபர் ஒருவருக்கு வருஷ வருமானம் 20 ரூபாய் என்பது. உயிர் வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும்? கூலிகளைக் கடல் கடந்து ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கு வைத்தியர் விதித்த உணவுத் திட்டத்தையும், சிறைக் கைதிகளுக்குச் சர்க்கார் செய்யும் செலவையும் எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் 34 ரூபாய் தேவைப்பட்டது. நமது சென்னை மாகாணத்திலோ வருமானம் சுமார் 18 ரூபாய். கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆன செலவு சுமார் 53 ரூபாய். குற்றவாளிக்குக் கிடைத்தது உழவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த 20 ரூபாயிலும் செல்வர் தம் பங்கை முன்னதாக எடுத்துக்கொள்வர் என்பதையும் அவர் மறக்கவில்லை.

அவருடைய எண்கள் யாவும் அசைக்க முடியாதவை என்று நாம் சொல்லவில்லை. கால்நடை, கைத்தொழில் முதலியவற்றுக்கு அவர் போட்ட மதிப்புகள் ஊகமே. ஆனால் 1882-இல் சர்க்காரின் சொந்த நிதி அதிகாரிகள் கணக்கிட்டபோதும் 27 ரூபாய்க்கு மேல் வரவில்லை. அதுவும் 34-க்குக் குறைவுதானே?

கட்டுரை வாசிக்கப்பட்ட அதே ஆண்டில் தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. ரயில் இருந்தது, தானியம் ஸ்டேஷன்களில் வந்து இறங்கியது, வாங்கக் காசில்லாதவன் மூட்டையின் அருகிலேயே விழுந்தான். பஞ்ச நிவாரண வேலையில் முதுகொடிய உழைத்தவனுக்கு ஸர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு ராத்தல் தானியமே போதும் என்று கூலியைக் குறைத்தார். பயிரோடு கூலியும் போனதே ஜனங்கள் மடிந்ததற்குக் காரணம் என்பதை 1880-ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனும் ஒப்புக்கொண்டது.

விலை இறங்கினால் எல்லாருக்கும் நன்மை என்பதையும் தாதாபாய் ஏற்கவில்லை. வெள்ளி மதிப்பு வீழ்ந்துவரவே, லண்டனுக்குத் தங்கத்தில் செலுத்தவேண்டிய தொகை சர்க்காருக்குப் பாரமாயிற்று. 1893-இல் தங்கசாலைகளில் பொதுஜனங்களின் வெள்ளியை நாணயமாக்குவதை நிறுத்தி ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தினார்கள். ரூபாய் அருமைப்பட்டால் தானியத்தின் ரூபாய் விலை தாழும். கிஸ்தியோ ரூபாயில் விதிக்கப்பட்டது. எனவே அதே கிஸ்திக்குக் குடியானவன் அதிக மூட்டைகளை விற்கவேண்டும். சட்டசபைக்கு வராத வரி உயர்வு இது. 1898-இல் நாணயக் கமிட்டியின்முன் அவர் இதை எடுத்துரைத்தபோது வயது எழுபத்து மூன்று. கமிட்டி செவிசாய்க்கவில்லை.

1901-இல் இக்கட்டுரைகள் பெரும் புஸ்தகமாக வெளிவந்தன. 1906-இல் கல்கத்தாக் காங்கிரஸில் சுயராஜ்யம் என்ற சொல்லை அவர் தலைமைப் பிரசங்கத்தில் வைத்தார். அச்சொல்லுக்குப் பின்னால் ஐம்பதாண்டுக் காலத்து அரிசிக் கணக்கு நின்றது. ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருக்கையில் 1917 ஜூன் 30-ந் தேதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அரிசி விலை தாங்காத ஜனங்கள் சென்னை நகரிலேயே கடைகளைச் சூறையாடினார்கள்.