பேராசிரியர் மகாலனோபிஸ் சரித்திரம்

ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் நம் சங்கத்து அங்கத்தினர் பலர் நம்மிடம் வந்து, பிள்ளையைக் கல்லூரியில் எந்தப் பாடத்திற் சேர்க்கலாம் என்று வினவுவதுண்டு. புள்ளியியல் என்று நாம் சொன்னால், அது எந்த உத்தியோகத்திற்கு உதவும் என்பதே அடுத்த கேள்வி. சேர்ந்துவிட்ட பிள்ளைகளோ, காசு சுண்டுதலும் பகடை உருட்டுதலுமாகத் தொடங்கும் நிகழ்தகவுப் பாடத்தைச் சூத்திரங்களாக நெட்டுருச் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் பயன்படுமென்று கருதி, இப்பாடத்தை இந்தியச் சர்வகலாசாலையில் ஏறச் செய்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸின் வாழ்க்கையை இங்கு எழுதலுற்றோம். அவரோ இதனை எந்த வகுப்பிலும் அமர்ந்து கற்றவரல்லர்.

மகாலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிரஸிடென்ஸி கல்லூரியிற் பௌதிகம் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லண்டனிற் படிக்கும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றவர், கேம்பிரிட்ஜைப் பார்த்துவரப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, அன்றிரவு நண்பரொருவர் அறையிலே தங்கினார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் பழைய தேவாலயம் அவர் மனத்தைக் கவர்ந்தது. தென்னாட்டு மாணவரான நண்பர் அக்கல்லூரியிலேயே சேரலாமே என்றார். மறுநாளே இடமுங் கிடைத்தது.

அங்கேதான் ஈரோட்டிற் பிறந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன் அவருக்குப் பழக்கமானார். ஒரு நாள் மகாலனோபிஸ் அவரைக் காணச் சென்றபோது, ராமாநுஜன் கணப்பின் அருகில் குளிரால் நடுங்கிக்கொண்டிருந்தார். இரவில் மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும், அப்போதும் குளிர் விடவில்லை என்றுஞ் சொன்னார். மகாலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பலவும் மேல்விரிப்பின் கீழ் மடித்துச் செருகப்பட்டே கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், மேதை விரிப்பின் மேலேயே படுத்துவந்திருக்கிறார்! வழியை மகாலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். ஜமக்காளத்திற்குப் பேர்போன நம் பவானிக்கு இரண்டு காதத்திற்குள் பிறந்தவர் இவ்விதம் குளிரில் வாடினாரே என்று இதைப் படிக்குந்தோறும் நாம் இரங்குகிறோம்.

1915-இல் மகாலனோபிஸ் பௌதிகத்தில் முதல் வகுப்பிலே தேறினார். கேவண்டிஷ் ஆராய்ச்சிசாலையில் இடமுஞ் சித்தமாயிருந்தது. விடுமுறைக்காகத் தாய்நாடு திரும்பும் சமயம், யுத்தங் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் ஆசிரியர் மக்காலே என்பவர், கல்லூரி நூல்நிலையத்திலிருந்த பயோமெட்ரிகா என்னும் பத்திரிகையின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். மகாலனோபிஸ் அவற்றை விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தலைப்பட்டார். மழையையும் மனித உடலையும் அளந்த அளவுகளுக்கும் தனியொரு சாஸ்திரம் உண்டென்பது அக்கடற்பயணத்தில் அவருக்குப் புலனாயிற்று. கல்கத்தாவில் பௌதிக ஆசிரியர் உத்தியோகம் கிடைக்கவே, கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கு அவர் திரும்பவேயில்லை.

பகலில் பௌதிகம் போதித்துக்கொண்டே, கையிற் கிடைத்த வேலையெல்லாவற்றிலும் இச்சாஸ்திரத்தைப் பழகினார். முதலில் சர்வகலாசாலைப் பரீட்சை மார்க்குகளை ஆராய்ந்தார். 1920-இல் நாகபுரியிற் சந்தித்த அன்னண்டேல் என்னும் அறிஞர், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் தேக அளவுகளை அவரிடம் ஒப்படைத்தார். பிற்பாடு 1936-இல் அவர் பெயராலேயே வழங்கும் தூர அளவை பிறந்ததும் இவ்வழியேதான். உயரமானவனுக்குக் கையும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகும். அந்தத் தொடர்பைக் கழித்து, இரு கூட்டத்தாருக்குள்ள வேற்றுமையை அளப்பதே அதன் சாரம்.

வெள்ள விவகாரம் நம் ஊராருக்கு நன்கு விளங்கும். 1924-ஆம் ஆண்டுக் காவேரிப் பெருவெள்ளத்தைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். அதற்கு இரண்டாண்டு பின்னர் ஒரிஸாவில் பிராமணி நதி பெருகிப் பெருநாசம் விளைத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகையாற் கரைகளையும் உயர்த்தவேண்டும் என்பது எஞ்ஜினியர்களின் முடிவு. மகாலனோபிஸ் ஏறக்குறைய 60 ஆண்டுக் கணக்குகளைப் புரட்டி, படுகை உயரவேயில்லை என்று காட்டினார். மேலேயுள்ள பகுதியில் அணை கட்டி மிகுநீரைத் தேக்குவதே வழியென்றார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் மேலிருந்து வரும் நீரின் நிலை மாறியதை அறிந்த கூடுதுறைவாசிகளுக்கு இதை நாம் விரித்துரைக்கவேண்டியதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெண்டிர். பானை நன்றாகக் கிளறப்பட்டிருந்தாலன்றோ அது மெய்யாகும்? நாடு கிளறாத பானை. காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து மஞ்சள் வயல்களை மட்டும் பார்த்தவன், கொங்கு நாடு முழுவதும் செழிப்பென்பான். மேட்டாங்காட்டில் நின்றவனோ பஞ்சமென்பான். ஆதலின் எந்த வயலைப் பார்ப்பதென்பதை மனிதனின் விருப்பத்திற்கு விடாமல், திருவுளச்சீட்டைப் போன்ற முறையால் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அப்போதுதான் எவ்வளவு பிழை நேரக்கூடுமென்பதையுங் கணக்கிட்டுச் சொல்ல முடியும். காசு சுண்டும் பாடத்தின் பயன் இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. இம்முறையை அவர் 1937 முதல் வங்காளத்துச் சணல் வயல்களிற் கையாண்டார். அன்றியும், ஒரே பிரதேசத்திற்கு ஒருவரையொருவர் சாராத இரு கூட்டத்தாரை அனுப்பி, இரு கணக்குகளையும் ஒப்பிட்டார். ஆள் செய்யும் பிழை இதனால் அகப்பட்டது. எண்ணைக் காட்டிலும் எண்ணுகிறவனைச் சோதித்த இந்த யுக்தியே அவருடைய செயல்களில் நமக்கு மிகவும் பிடித்தது.

1931 டிசம்பர் 17-இல் பிரஸிடென்ஸி கல்லூரியின் ஓர் அறையில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றிற்று. முதல் வருஷத்துச் செலவு 238 ரூபாயே. 1933-இல் ஸங்க்யா என்னும் பத்திரிகை வெளிவந்தது. 1941-இல் கல்கத்தா சர்வகலாசாலை இந்தியாவிலேயே முதன்முறையாகப் புள்ளியியலுக்கு முதுகலை வகுப்பு ஏற்படுத்தியபோது, மகாலனோபிஸே அதன் தலைவரானார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சி. ஆர். ராவ் அம்முதல் வகுப்பு மாணவருள் ஒருவர். கப்பலில் தனியே படித்த பாடம் 26 ஆண்டுகளில் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கழகமே பட்டமளிக்கும் உரிமையும் பெற்றது.

1945-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினராயினார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் ஆரம்பமாயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்ததிலும் அவருக்குப் பெரும்பங்குண்டு. அதன் குணதோஷங்களைப் பற்றிய வாதம் நீண்டது. அதில் நாம் புகவில்லை.

1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, தமது 79-ஆவது பிறந்த நாளுக்கு முந்தின தினம், மகாலனோபிஸ் காலமானார். 2007 முதல் ஜூன் 29-ஆம் தேதி இந்தியாவிற் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பத்தாள்களுடன் கல்லூரி வாயிலில் நிற்கும் காலமும் ஏறக்குறைய அதுவே.