தோற்றவர் போட்ட கணக்கு

மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நியூமரிக்கல் அனாலிசிஸ் பேப்பர்தான். அதில் நான் ரெண்டு தடவை கோட்டை விட்டவன். ரெண்டாவது தடவை ரிசல்ட் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக மனசில்லாமல் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எங்கள் கணக்கு சார் பார்த்துவிட்டார். டீ வாங்கித் தந்து ஒரு கதை சொன்னார். பிறகு நானே படித்துத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. 1904ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பிப் பார்க்காததால் அந்தத் தொகை பறிபோனது. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, 1907லும் எஃப்.ஏ. தேறவில்லை. காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அங்கே நடந்த ஒரு விஷயம்தான் சார் சொன்னது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 100ஐப் பிரித்தால் 19 கோடியைத் தாண்டும். 200ஐ? மக்மகான் என்பவர் கையாலேயே கணக்குப் போட்டுக் கண்ட விடை 3,972,999,029,388 என்று சார் டீக்கடை மேசையில் விரலால் எழுதிக் காட்டினார். ராமானுஜனும் ஹார்டியும் 1918ல் வெளியிட்ட தோராயச் சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால், இந்த விடையிலிருந்து 0.004தான் விலகல்! விடை முழு எண். பிழை அரைக்கும் குறைவு என்று தெரிந்துவிட்டால் தோராயமே துல்லியம் ஆகிவிடும். பிழை வருவது குற்றமில்லை, அது எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் குற்றம் என்றார் சார். முழுப் பாடமும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916ல் கேம்பிரிட்ஜ் பட்டம் தந்தது. 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஆனால் யுத்தகால இங்கிலாந்தில் உடம்பு கெட்டது. 1919ல் திரும்பி வந்தவர், படுக்கையிலும் கணக்கை விடாமல், 1920 ஏப்ரல் 26ல் சென்னையில் காலமானார். வயசு 32. அவர் 1914ல் எழுதிய ஒரு தொடரை வைத்துத்தான் 1985ல் காஸ்பர் என்பவர் கம்ப்யூட்டரில் பை மதிப்பை ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கத்துக்கு மேல் கண்டார்.

மூன்றாவது தடவை நான் தேறினேன். பெரிய மார்க் ஒண்ணுமில்லை. ஆனாலும் பிழைக்குப் பயப்படுறதை அன்றோடு விட்டேன். அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இந்த மலரைப் புரட்டினால், இதை ஒரு டீயாக எடுத்துக்கொள்ளட்டும்.